வாசல் திறந்த பின்னும்: திருவனந்தபுரத்தில் பொறியியல் கல்வியும் விலக்கலின் வரலாறும்

1939 ஜூலை 3 அன்று திருவனந்தபுரத்தில் ஒரு பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது. அதற்கு ஈராண்டுகளுக்கு முன்னர், 1937 நவம்பரில், திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டிருந்தது. மன்னர் சித்திரைத் திருநாள் பலராம வர்மா அதன் வேந்தர், திவான் சி. பி. இராமசாமி ஐயர் துணைவேந்தர். சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளராக இருந்த மேஜர் மாத்யூமன் புதிய கல்லூரியின் முதல்வரானார். அவருடைய அலுவலகமாக இருந்த கட்டடமே கல்லூரியின் முதல் இருப்பிடமானது. சிவில், இயந்திரவியல், மின்னியல் ஆகிய பிரிவுகளில் பட்டப்படிப்புக்கும் பட்டயப்படிப்புக்கும் ஆண்டுக்குத் தலா 21 மாணவர்களே சேர்க்கப்பட்டனர்.

இத்தனை குறைந்த இடங்களுக்கு யார் வரலாம் என்பதை 1939இல் எந்த விதி தீர்மானித்தது என்று மட்டும் பார்த்தால் விடை எளிது. கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியாகி மூன்று ஆண்டுகள்கூட நிறைவுறாத காலம் அது. ஆனால் விதியைக் கொண்டு மட்டும் விலக்கலை அளக்க முடியாது என்பதே கடந்த எட்டுப் பதிற்றாண்டுகளின் வரலாறு காட்டுவது. சாதியின் பெயராலும் பாலினத்தின் பெயராலும் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்த தடைகள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டன. நீக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் தடை அடுத்த இடத்துக்கு நகர்ந்தது: வங்கி கேட்கும் பிணைக்கு, விடுதி வாயில் பூட்டப்படும் நேரத்துக்கு, மதிப்பெண்ணைக் கணக்கிடும் சூத்திரத்துக்கு. இவை பாகுபாடு என்று அழைக்கப்படுவதில்லை, நிருவாகம் என்று அழைக்கப்படுகின்றன. ஆகவேதான் இவற்றை அடையாளம் காண்பதும் அகற்றுவதும் கடினமாக இருக்கின்றன.

கல்லூரிக்கு முந்தைய காலம்

திருவிதாங்கூரில் தொழிற்கல்வி மறுக்கப்பட்டதற்கு நன்கறியப்பட்ட சான்று டாக்டர் பல்பு. 1863இல் திருவனந்தபுரத்தின் பேட்டையில் ஈழவக் குடும்பமொன்றில் பிறந்த அவருக்குச் சொந்த ஊரில் மருத்துவம் படிக்க இடம் கிடைக்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று தகுதி பெற்றுத் திரும்பியபோது திருவிதாங்கூர் அரசு வேலையும் தரவில்லை. மைசூர் சமஸ்தானமே அவரை மருத்துவராக ஏற்றுக்கொண்டது.

1891இல் அரசிடம் அளிக்கப்பட்ட மலையாளி மெமோரியலில் பல்புவும் கையொப்பமிட்டார். உயர் பதவிகள் வெளியிலிருந்து வந்த பிராமணர்களுக்கே, பெரும்பாலும் தமிழ்ப் பிராமணர்களுக்கே, செல்கின்றன என்பது அம்மனுவின் குறை. அம்மனுவினால் ஈழவர்களுக்குப் பெரிய பயன் விளையாததைக் கண்ட பல்பு, 1896இல் 13,176 பேர் ஒப்பமிட்ட ஈழவ மெமோரியலை முன்னின்று அளித்தார். அதன் கோரிக்கைகள் இரண்டே: அரசுப் பள்ளிகளில் அனுமதி, அரசுப் பணிகளில் இடம்.

பெண்களுக்கான தடை வேறு வடிவில் இருந்தது. பின்னாளில் திருவிதாங்கூரின் தலைமை மருத்துவ அதிகாரியாக உயர்ந்த மேரி பூனன் லூக்கோஸ், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் அறிவியல் பயில விரும்பினார். பெண் என்பதால் அப்பிரிவில் இடம் மறுக்கப்பட்டது. வரலாறு படித்துப் பட்டம் பெற்று, பின்னர் இலண்டன் சென்று மருத்துவம் கற்றார். கல்லூரிக்குள் நுழையலாம், ஆய்வுக்கூடத்துக்குள் நுழையக் கூடாது என்ற இந்த நிலை, விலக்கல் வாசலில் மட்டும் நிகழ்வதில்லை என்பதற்கு அக்காலத்திலேயே கிடைக்கும் சான்று.

பல்புவுக்குச் சென்னையும் மைசூரும் இருந்தன. மேரி பூனனுக்கு இலண்டன் இருந்தது. வசதியும் ஆதரவும் உள்ளவர்களால் தடையைச் சுற்றிக்கொண்டு போக முடிந்தது. புலையர் சமூகத்துக்கு அந்தச் சுற்றுவழியும் இல்லை. வெங்ஙானூரில் பிறந்த அய்யங்காளி, தம் மக்களின் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியில் அமர்வதற்காகவே வேளாண் தொழிலாளர்களை வேலைநிறுத்தம் செய்ய வைக்க நேர்ந்தது. 1937 ஜனவரியில் காந்தி வெங்ஙானூருக்கு வந்தபோது, தம் சமூகத்தில் பத்து பி.ஏ. பட்டதாரிகளைக் கண்டுவிட வேண்டும் என்பதே தம் ஆசை என்று அய்யங்காளி கூறியதாகச் சொல்லப்படுகிறது. அடுத்த இரண்டரை ஆண்டுகளில் அந்நகரில் பொறியியல் கல்லூரி திறக்கப்பட்டது. ஒரு சமூகம் பத்துப் பட்டதாரிகளுக்காகக் காத்திருந்த வேளையில் பொறியியல் இடம் என்பது எவ்வளவு தொலைவில் இருந்திருக்கும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கிண்டியில் மூன்று பெண்கள்

கேரளத்தின் முதல் பெண் பொறியாளர்களின் வரலாறு சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் தொடங்குகிறது. 1940இல் அக்கல்லூரியில் மின்பொறியியல் பயில அ. லலிதா என்னும் இளம்பெண் சேர்க்கப்பட்டார். பதினெட்டாம் வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையுடன் தந்தை வீடு திரும்பியவர் அவர். தந்தை பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அவர் முதல்வர் கே. சி. சாக்கோவை அணுகி, கல்வித் துறையின் ஒப்புதலும் பெற்ற பின்னரே சேர்க்கை நிகழ்ந்தது. பெண்களைச் சேர்க்கக் கூடாது என்ற விதி முன்நின்று தடுத்ததாக இந்த வரலாற்றில் எங்கும் வருவதில்லை. ஒரு பெண் விண்ணப்பிக்கக்கூடும் என்ற எண்ணமே யாருக்கும் எழாதிருந்தது. அதுவே போதுமான தடையாக இருந்தது.

அதன் பின் நடந்தது அதிகம் பேசப்படாதது. நூற்றுக்கணக்கான ஆண்களுக்கிடையே ஒற்றைப் பெண்ணாக விடுதியில் தங்கிய லலிதாவுக்குத் தனிமை பெரும் சுமையாயிற்று. அவருடைய தந்தையும் முதல்வரும் அடுத்த ஆண்டு வேறு பெண்களும் சேர வேண்டும் என்று விளம்பரம் செய்தனர். அவ்வாறு சிவில் பொறியியலில் சேர்ந்த இருவர் பி. கே. த்ரேசியா, லீலாம்மா ஜார்ஜ். மூவரும் 1940களின் நடுப்பகுதிக்குள் பட்டம் பெற்று வெளியேறினர். பட்டச் சான்றிதழில் அச்சிடப்பட்டிருந்த ஆண்பால் சுட்டை அடித்துவிட்டுப் பெண்பால் சுட்டைக் கையால் எழுத நேர்ந்தது என்பது அக்கல்லூரியின் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி.

மூவரில் இருவர் மலையாளிகள். லீலாம்மா திருவிதாங்கூர்ப் பொதுப்பணித் துறையில் பணியாற்றினார். திருச்சூரை அடுத்த எடத்திருத்தியில் 1924இல் பிறந்த த்ரேசியா கொச்சி சமஸ்தானப் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். மாநில உருவாக்கத்துக்குப் பின் கேரள அரசுப் பணியில் தொடர்ந்து, 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். இந்தியாவில் அப்பதவியை எட்டிய முதல் பெண் அவரே. பாலங்களும் மருத்துவமனைக் கட்டடங்களும் அவர் பொறுப்பில் எழுந்தன. இரப்பர் கலந்த தார்ச்சாலை முயற்சியும் அவருடையது.

இவ்வரலாறு பெரும்பாலும் தனிமனிதச் சாதனைக் கதையாகவே சொல்லப்படுகிறது. ஆனால் அதில் நிறுவனங்களுக்கான செய்தி வேறு. ஒரு பெண் உள்ளே வருவதற்குக் கல்லூரியிலேயே பணியாற்றும் தந்தை தேவைப்பட்டார். அவர் உள்ளே நிலைப்பதற்கு வேறு பெண்களின் துணை தேவைப்பட்டது. அத்துணை தானாக வரவில்லை. கல்லூரி முயன்று தேடியதால் வந்தது. விண்ணப்பம் வரும்வரை காத்திருப்பதும், வர வேண்டியவர்களைத் தேடிச் செல்வதும் ஒன்றல்ல என்பதைக் கிண்டிக் கல்லூரி 1940களிலேயே அறிந்திருந்தது.

ஒதுக்கீடும் அதன் அளவுகோலும்

இந்திய இட ஒதுக்கீட்டு வரலாற்றில் செண்பகம் துரைராஜன் வழக்கு எல்லோரும் அறிந்தது. அத்துடன் சேர்த்து விசாரிக்கப்பட்ட இரண்டாவது மனு கிண்டிப் பொறியியல் கல்லூரி இடத்துக்கானது என்பது மறக்கப்பட்டுவிட்டது. மருத்துவ இடம் கோரிய செண்பகம் உண்மையில் விண்ணப்பமே செய்திருக்கவில்லை. பொறியியல் இடம் கோரிய சி. ஆர். சீனிவாசன் விண்ணப்பித்திருந்தார். ஒவ்வொரு 14 இடங்களையும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பகிர்ந்த சென்னை மாகாண அரசாணையை உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரல் 9 அன்று செல்லாததாக்கியது. அதற்கு மறுமொழியாக அதே ஆண்டு ஜூனில் முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. 15(4) பிரிவு சேர்க்கப்பட்டது.

கேரளம் இதன் பின் தனக்கென ஒரு பாதையை வகுத்தது. தொழிற்கல்லூரி ஒதுக்கீடு உயர் நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளானதை அடுத்து 1964இல் ஜி. குமார பிள்ளை ஆணையம் அமைக்கப்பட்டது. சாதியையும் வருமானத்தையும் இணைத்தே பின்தங்கிய நிலையை அளக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. ஆண்டு வருமானம் 4,200 ரூபாய்க்குக் குறைவாக உள்ள பிற்படுத்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கே ஒதுக்கீடு என்ற நிலை 1966இல் ஏற்பட்டது. வரம்பு பின்னர் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதை எதிர்த்து மருத்துவ இடத்துக்காகத் தொடுக்கப்பட்ட கே. எஸ். ஜெயஸ்ரீ வழக்கில், சாதி மட்டுமோ வறுமை மட்டுமோ தனித்த அளவுகோலாக முடியாது என்று கூறி, கேரளத்தின் வருமான வரம்பை 1976இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நாடு முழுவதற்கும் பொருந்தும் வகையில் வளமான பிரிவினரை விலக்கும் கோட்பாடு 1992இல் மண்டல் வழக்கில் வருவதற்கு கால் நூற்றாண்டுக்கு முன்பே, கேரளத்தின் தொழிற்கல்லூரிகள் அதை நடைமுறைப்படுத்திவிட்டன.

இதற்கு இரு பக்கமும் நியாயம் உண்டு. ஒரே சாதிக்குள் வசதியானவர்களே எல்லா இடங்களையும் எடுத்துக்கொள்ளாமல் வருமான வரம்பு தடுத்தது. மறுபக்கம், பொறியியல் போன்ற செலவு மிகுந்த நீண்ட படிப்பில் சமூகத் தடையைத் தாண்டிப் போட்டியிடும் தயாரிப்பு, சிறிதேனும் வசதி பெற்ற குடும்பங்களில்தான் முதலில் உருவாகிறது. அக்குடும்பங்களை வெளியேற்றிவிட்டு, மிக வறியவர்களுக்கு உரிய பயிற்சியையும் தராவிட்டால் ஒதுக்கீடு ஏட்டில் நிற்கும். அளவுகோலைக் கூர்மையாக்குவதில் காட்டிய அக்கறையை, அந்த அளவுகோலுக்குள் வருபவர்களைத் தயார்ப்படுத்துவதிலும் காட்ட வேண்டியிருந்தது.

இன்று கேரளப் பொறியியல் சேர்க்கையில் சமூக, கல்வி நிலையில் பின்தங்கியோருக்கு 30 விழுக்காடு. அதில் ஈழவர்களுக்கு 9, முஸ்லிம்களுக்கு 8. எஞ்சியவை பிற பிரிவுகளுக்கு. பட்டியல் சாதியினருக்கு 8, பழங்குடியினருக்கு 2. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பட்டியல் சாதியினர் மாநில மக்கள்தொகையில் 9.1 விழுக்காடு, ஒதுக்கீடு அதைக் காட்டிலும் குறைவாகவே நிற்கிறது.

பணம் என்னும் வாசல்

2001க்குப் பின் கேரளத்தில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகின. தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் சென்றுகொண்டிருந்த மாணவர்களையும் பணத்தையும் மாநிலத்துக்குள் நிறுத்துவது நோக்கம். இடங்கள் பல மடங்காயின. ஆனால் இடம் பெருகுவதும் வாய்ப்புப் பெருகுவதும் ஒன்றல்ல. தனியார் கல்லூரிகளின் தன்னுரிமையை 2002இல் டி. எம். ஏ. பாய் தீர்ப்பு விரிவாக்கியது. அரசு உதவி பெறாத கல்லூரிகளில் அரசு தன் ஒதுக்கீட்டைத் திணிக்க முடியாது என்று 2005இல் இனாம்தார் தீர்ப்பு கூறியது. அதைத் தொடர்ந்து வந்த 93ஆவது திருத்தம் தனியார் கல்லூரிகளிலும் ஒதுக்கீட்டுக்கு வழிசெய்தபோதும் சிறுபான்மை நிறுவனங்களுக்கு விலக்கு அளித்தது. கேரளத் தனியார் பொறியியல் கல்லூரிகளில் கணிசமானவை அவ்வகையைச் சேர்ந்தவை.

இக்காலத்தின் மிக வேதனையான நிகழ்வு 2004 ஜூலை 22 அன்று திருவனந்தபுரத்தில் நடந்தது. வெள்ளறடையைச் சேர்ந்த தலித் குடும்பத்து மாணவி ரஜனி எஸ். ஆனந்த், அடூரில் பொறியியல் பயின்றுவந்தார். தகுதியால் இடம் கிடைத்தது. ஆனால் விடுதிக்கும் உணவுக்கும் பிற செலவுகளுக்கும் குடும்பத்தால் பணம் திரட்ட இயலவில்லை. கல்விக் கடனுக்காக வங்கியை நாடியும் பயனில்லை. பிணையாக வைக்க அவர்களிடம் சொத்து இல்லை. அன்று அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மாநிலம் முழுவதும் மாணவர் போராட்டங்கள் வெடித்தன. சுயநிதிக் கல்வி குறித்த விவாதம் சட்டமன்றத்திலும் தெருவிலும் பல மாதங்கள் தொடர்ந்தது.

ரஜனியின் வழக்கில் சேர்க்கை விதி எதுவும் மீறப்படவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. சேர்க்கைக் கடிதம் அவருக்குக் கிடைத்தது. ஒரு துறை இடத்தைத் தந்தது. விடுதிச் செலவு வேறொரு துறையின் பொறுப்பாகவும், கடன் ஒரு வங்கி மேலாளரின் முடிவாகவும் இருந்தன. ஒவ்வொருவரும் தத்தம் விதிப்படி நடந்திருக்கக்கூடும். எல்லா விதிகளும் சேர்ந்து ஒரு மாணவியைக் கைவிட்டன.

இது முடிந்துபோன கதையும் அன்று. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான உதவித்தொகை இன்று இ-கிராண்ட்ஸ் இணைய முறையில் வழங்கப்படுகிறது. அது மாதக்கணக்கில் தாமதமாவதை எதிர்த்து அண்மை ஆண்டுகளிலும் மாணவர்கள் திருவனந்தபுரத்தில் போராடியுள்ளனர். கட்டணக் கெடு முடிந்த பின் வரும் உதவித்தொகை, கணக்கேட்டில் மட்டுமே உதவி.

நேரமும் இடமும்

கல்லூரி இப்போது ஸ்ரீகாரியத்தை அடுத்த குளத்தூரில் விரிந்த வளாகத்தில் இருக்கிறது. அங்கே 2010களின் நடுவில் மாணவியர் எழுப்பிய கேள்வி கடிகாரத்தைப் பற்றியது. பெண்கள் விடுதியின் வாயில் மாலை ஆறரை மணியளவில் மூடப்பட்டது. ஆண்கள் விடுதிக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை. வெறும் நடமாட்டச் சுதந்திரமாக மட்டும் இதைப் பார்த்தால் பொறியியல் கல்வியின் இயல்பு புரியாது. செயல்திட்டங்களும் போட்டிகளுக்கான எந்திர வடிவமைப்பும் நூலகப் படிப்பும் மூத்த மாணவர்களிடம் கற்பதும் வகுப்பு முடிந்த பின் மாலையிலும் இரவிலும் நிகழ்பவை. பாடத்திட்டத்தில் எழுதப்படாத அந்தப் பாதிப் பொறியியல் ஒரு பாலினத்துக்கு மட்டும் திறந்திருந்தது. மேரி பூனனுக்கு மறுக்கப்பட்ட ஆய்வுக்கூடம் நூறாண்டு கழித்து மாலை ஆறரை மணிக்குப் பின் மறுக்கப்பட்டது.

தொடர் போராட்டங்களுக்குப் பின் 2019இல் நேரம் இரவு ஒன்பதரை மணி வரை நீட்டிக்கப்பட்டது. 2022இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவியர் அந்த ஒன்பதரை மணியையும் கேள்விக்குள்ளாக்கி உயர் நீதிமன்றம் சென்றனர். பெண்களைப் பூட்டி வைத்துப் பாதுகாப்பளிப்பது தீர்வாகுமா என்று நீதிமன்றம் அரசிடம் வினவியது. விதிகள் மேலும் தளர்த்தப்பட்டன.

அதே 2022 ஜூலையில் கல்லூரிக்கு அருகிலிருந்த பேருந்து நிறுத்தத்தின் நீண்ட இருக்கை, இடைவெளி விட்டு மூன்று தனி இருக்கைகளாக வெட்டப்பட்டது. மாணவரும் மாணவியரும் அருகருகே அமர்வதை விரும்பாத உள்ளூர்வாசிகளின் செயல் அது. மாணவர்கள் ஒருவர் மடியில் ஒருவர் அமர்ந்து படமெடுத்து வெளியிட்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். நகர மேயர் நேரில் வந்து பார்த்து, பாலினப் பாகுபாடற்ற புதிய நிழற்குடை அமைக்கப்படும் என்று அறிவித்தார். சிரிப்புக்குரிய செய்தியாக அது நாடெங்கும் பரவியது. ஆனால் வளாகத்துக்குள் விதி மாறினாலும் வளாகச் சுவருக்கு வெளியே பத்தடி தொலைவில் மாறாத விதி ஒன்று இருக்கிறது என்பதையே அந்த இருக்கை காட்டியது.

2023 ஜனவரியில் கேரள அரசு, உயர்கல்வித் துறையின் கீழ் வரும் பல்கலைக்கழகங்களில் மாதவிடாய்க்காலச் சலுகையாக மாணவியரின் குறைந்தபட்ச வருகையை 75இலிருந்து 73 விழுக்காடாக்கியது. 18 வயது நிறைந்தவர்களுக்கு 60 நாள் மகப்பேறு விடுப்பும் அறிவிக்கப்பட்டது. வருகைப் பதிவேடு எந்த உடலை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது என்ற கேள்வியை அரசாணையே ஏற்றுக்கொண்ட அரிய தருணம் அது.

மதிப்பெண்ணின் சூத்திரம்

கேரளத்தில் பொறியியல் தரவரிசை, நுழைவுத் தேர்வையும் மேல்நிலைப் பொதுத்தேர்வையும் சமமாகக் கொண்டு கணக்கிடப்படுகிறது. வெவ்வேறு வாரியங்களின் மதிப்பெண்களைச் சமன்படுத்த ஒரு சூத்திரம் உண்டு. அச்சூத்திரத்தால் மாநிலப் பாடத்திட்ட மாணவர்கள் மதிப்பெண் இழக்கின்றனர் என்ற முறையீடு நெடுநாளாக இருந்தது. 2025இல் அரசு சூத்திரத்தை மாற்றியது. ஆனால் மாற்றத்தைத் தரவரிசை வெளியாகும் நாளிலேயே, ஜூலை 1 அன்று, அறிவித்தது. ஆட்டம் முடிந்த பின் விதியை மாற்றுவது தவறு என்று உயர் நீதிமன்றம் ஜூலை 9 அன்று அதை நீக்கியது. மறுநாள் பழைய சூத்திரப்படி புதிய பட்டியல் வெளியானது. பல மாநிலப் பாடத்திட்ட மாணவர்கள் ஒரே இரவில் தரவரிசையில் கீழிறங்கினர்.

நீதிமன்றம் நடைமுறைக் குறையைச் சுட்டியது. அதில் பிழை காண முடியாது. ஆனால் அரசுப் பள்ளியில், தாய்மொழி வழியில் படித்த மாணவரின் தகுதியைப் பயிற்சி மைய வசதி பெற்ற மாணவரின் தகுதியோடு எப்படி ஒப்பிடுவது என்ற அடிப்படைக் கேள்வி விடையின்றி நின்றுவிட்டது. சூத்திரம் இயற்கை விதி அன்று. யாரோ ஒரு குழு எடுத்த முடிவு. முடிவெடுக்கும் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதும் கல்லூரியில் யார் இருக்கிறார்கள் என்பதன் ஒரு பகுதியே.

அண்டையிலுள்ள தமிழ்நாடு வேறு பாதையைத் தேர்ந்தது. 2007இல் நுழைவுத் தேர்வைச் சட்டத்தால் நீக்கியது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை அளித்தது. 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு தந்து, அவர்களின் கல்வி, விடுதிக் கட்டணங்களையும் அரசே ஏற்றது. இதிலும் குறைகள் உண்டு. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முதலாண்டுக் கணிதத் தாளில் தேங்கிவிடுகின்றனர் என்பது தமிழ்நாட்டுக் கல்லூரி ஆசிரியர் அனைவரும் அறிந்த சிக்கல். ஆயினும் இடம் ஒரு துறை, விடுதி மற்றொரு துறை என்று பிரிந்து கிடந்ததை ஓர் ஆணையில் இணைத்தது, 2004இன் பாடத்துக்கு நெருங்கி வந்த முயற்சி.

எண்ண வேண்டியவை

பன்மைத்துவம் பற்றிய பல்கலைக்கழக அறிக்கைகள் பெரும்பாலும் சேர்க்கை எண்ணிக்கையோடு நின்றுவிடுகின்றன. எத்தனை பெண்கள், எத்தனை பட்டியல் சாதியினர், எத்தனை மாற்றுத்திறனாளிகள் உள்ளே வந்தனர் என்ற அட்டவணை தேவையானதுதான். ஆனால் மேலே கண்ட வரலாற்றில் திருப்பங்கள் நிகழ்ந்தவை அந்த அட்டவணைக்கு வெளியே: லலிதாவின் தனிமையில், ரஜனியின் வங்கி விண்ணப்பத்தில், விடுதிக் காவலரின் பதிவேட்டில்.

அவற்றுக்கும் ஆவணங்கள் உண்டு. உதவித்தொகை எந்த மாதம் அனுமதிக்கப்பட்டது, எந்த மாதம் மாணவர் கையில் சேர்ந்தது என்பது கருவூலப் பதிவில் இருக்கிறது. நான்கு ஆண்டுகளில் பட்டம் பெற்றோர் யார், இடையில் நின்றோர் யார் என்பது தேர்வுத் துறையில் இருக்கிறது. மாலை ஆறு மணிக்குப் பின் பணிமனையைப் பயன்படுத்தியவர்களின் கையொப்பம் துறை அலுவலகத்தில் இருக்கிறது. பொறியியல் கல்வியின் சமூக வரலாற்றை எழுத முனையும் ஆய்வு மாணவர்கள் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து தொடங்கலாம். ஆனால் அங்கேயே முடித்துவிடக் கூடாது. யார் அனுமதிக்கப்பட்டார் என்பது அந்தப் பதிவேட்டில் கிடைக்கும். யாரால் தங்க முடிந்தது என்பதைத் தூசி படிந்த மற்ற மூன்று பதிவேடுகளில்தான் தேட வேண்டும்.